லேசான காதல் கதை, ரத்தமில்லாத துப்பறியும் கதை: எங்கள் முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு ஏழெட்டுப் பேர் உட்காருவோம். பெரும்பாலும் பெண்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வருவார், காதல் கதை என்றால் அவர்தான் முதல் ஆள். காதல் கதையும் துப்பறியும் கதையும் மட்டும்தான் படிப்போம். விதி ஒன்றும் இல்லை, பழக்கம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

கோஸி மிஸ்டரி என்கிறீர்களே, அது என்ன?

துப்பறியும் கதைதான், ரத்தம் மட்டும் தெறிக்காது. கொலை நடக்கும், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும். துப்பறிகிறவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார். பேக்கரி வைத்திருப்பவர், நூலகர், வேலை வெட்டி இல்லாத கிழவி என்று யாராவது. ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடைசியில் ஆள் அகப்பட்டு ஊர் பழையபடி ஆகிவிடும்.

இங்கிலாந்தில் டீ ஆறாமல் இருக்க பாத்திரத்துக்குக் கம்பளியில் ஓர் உறை பின்னிப் போடுவார்கள். அதற்கும் கோஸி என்றுதான் பேர். அந்தக் கதகதப்பு அவர்கள் ஊருக்குச் சரி. மே மாதத்துக் காரைக்குடியில் கம்பளியை நினைத்தாலே வேர்க்கும். எங்கள் இதம் என்பது, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு தலையணையைப் போட்டு, புத்தகத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மல்லாந்து படுப்பது. முதுகு குளிர வேண்டும்.

முடிவு முன்பே தெரியும். பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிறவர் குரலில் ஒரு சின்ன வெற்றியும் இருக்கும்.

1939-ல் சா. கணேசன் தொடங்கி வைத்தது காரைக்குடிக் கம்பன் விழா. பங்குனி வந்தால் கூட்டம் கூடுகிறது. ராவணன் சாவான் என்று தெரியாமலா வருகிறார்கள்? வாலியை மறைந்து நின்று அடித்தது சரியா என்பதை இத்தனை வருஷமாகப் பேசியும் தீரவில்லை. தெரிந்த கதையில்தான் மனசு நிதானமாக உட்காரும். அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாததால் எப்படி என்பதைக் கவனிக்க முடிகிறது.

காதல் கதையில் இருவரும் சேருவார்கள். சேராவிட்டால் அது சோகக் கதை, வேறு அலமாரி. நாங்கள் படிப்பது இடையில் இருக்கிற தாமதத்துக்காக. ஒரு கதையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மழை வருகிறது. வாசலில் கிடக்கிற அவள் செருப்பை அவன் எடுத்துத் திண்ணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறான். அவளிடம் சொல்லவில்லை. ஈரமில்லாத செருப்பைக் காலில் போடும்போது அவள் ஒரு நொடி நிற்கிறாள். அவ்வளவுதான். இந்த இடத்தைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபது பக்கம் கழித்து அவன் மோதிரம் நீட்டியபோது அவர் கொட்டாவி விட்டார்.

துப்பறியும் கதையில் வாக்குறுதி வேறு மாதிரி. யார் என்பது தெரியாது, ஆனால் கடைசிப் பக்கத்துக்குள் தெரிந்துவிடும் என்பது தெரியும். உங்கள் வீட்டில் காணாமல் போன மோதிரத்துக்கு அந்த உத்தரவாதம் உண்டா?

காதல் கதை, துப்பறியும் கதை, இரண்டையும் ஏன் ஒரே கூட்டத்தில் வைத்திருக்கிறீர்கள்?

ஒன்றில் பாதி மற்றதில் இருக்கும். கோஸி மிஸ்டரியில் பேக்கரிக்காரிக்கும் ஊர் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு இது ஓடும், பத்து புத்தகம் வரை இழுப்பார்கள். காதல் கதையில் யார் எழுதிய கடிதம், அவன் ஏன் சொல்லாமல் போனான் என்று ஒரு புதிர் இருக்கும். தவிர, ஆறு மாதம் கொலையாகவே படித்தால் சமையல்காரம்மா கொடுக்கிற காப்பியைக்கூட முகர்ந்து பார்க்கத் தோன்றும்.

இதெல்லாம் இலக்கியமா?

தெரியவில்லை. பாயசம் சாப்பாடா?

தமிழில் இந்த மாதிரி உண்டா, எல்லாம் இங்கிலீஷ்தானா?

அந்த ஊர்ச் சரக்கின் வரலாறு முதலில். காதல் நாவலுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் லண்டனில் 1908-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகமும் போட்டார்கள், 1930-களில்தான் காதலே கதி என்று ஆனார்கள். 1971-ல் கனடாவின் ஹார்லிக்வின் அதை வாங்கிக்கொண்டது. என் வயதுப் பெண்கள் ஹாஸ்டலில் இங்கிலீஷ் படித்ததே அந்தப் புத்தகங்களில்தான். பாடநூலை விரித்து அதற்குள் வைத்துப் படிப்போம். வார்டனும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

நம் பக்கத்துக்கு வருவோம். துப்பறியும் கதை என்றால் பக்கத்து ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகவே அடையாளம் காணப்பட்ட தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். ‘கல்கண்டு’ பத்திரிகையின் ஆசிரியர். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலுக்கு மூளை ஓட வேண்டுமென்றால் தேநீர் வேண்டும். கோப்பை வரும், குடிப்பார், முடிச்சு அவிழும். வீட்டில் மனைவி இந்திரா. கோஸி என்ற சொல் நம் காதில் விழுவதற்கு வெகு முன்னாலேயே தேநீரும் துப்பும் இங்கே சேர்ந்துவிட்டன. வில்லன்களும் விமானமும் வெளிநாடும் வருவதால் அதை முழுக்கக் கோஸி என்று சொல்லமாட்டேன்.

சுத்தமான கோஸி வேண்டுமென்றால் 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. வங்கிக் குமாஸ்தா, அசடு. தான் ஒன்று நினைத்து எங்கோ கையை விட, அங்கே திருடன் இருப்பான். அவனுக்கே ஏன் என்று தெரியாது, ஊர் மேதை என்று கொண்டாடும். எழுபது தாண்டிய ஆச்சி ஒருவர் இதைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டார்.

அப்புறம் மாத நாவல். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும், சாணித்தாள், உள்ளங்கையில் அடங்கும். காரைக்குடியில் காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். அந்தக் கதைகளில் வேகம் அதிகம், ரத்தமும் கொஞ்சம் அதிகம். அட்டைப் படத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்யாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

செட்டிநாட்டில் நடப்பதாக ஒரு கோஸி மிஸ்டரி எழுத முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறேன். அந்த வகைக் கதைக்கென்றே கட்டிய மாதிரி இருக்கின்றன இந்த வீடுகள்.

யோசித்துப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எல்லா வாசலையும் திறந்து வைத்தால் முகப்பில் நின்று பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் பார்க்கலாம். ஒரு கதவைச் சாத்தினால் போதும், யாரும் யாரையும் பார்க்க முடியாது. நடுவில் முற்றம் இருக்கிற வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். வருஷத்தில் பாதி நாள் வாட்ச்மேன் மட்டும். ஒரு கல்யாணம் அல்லது முன்னோருக்குச் செய்கிற படைப்பு என்றால் எல்லாரும் வந்து இறங்குவார்கள், பூட்டுகள் திறக்கும். ஒரே வீட்டில் எண்பது பேர், எண்பது பேரும் சொந்தம், அதில் பத்துப் பேருக்குள் பேச்சு கிடையாது. எழுத்தாளர் இதற்குமேல் என்ன கேட்பார்?

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தானும் துப்பறியும் நாவல் எழுதியவர், 1929-ல் இந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், பேய் பிசாசைக் கொண்டு முடிச்சை அவிழ்க்கக் கூடாது, துப்பறிகிறவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்றெல்லாம். எல்லாம் நியாயம்தான். ஒரு கட்டளையைக் கேட்டுத்தான் முகப்பே சிரித்தது: ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாதாம். பாவம், இந்த மாதிரிப் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தான் பக்கம் வந்திருக்கமாட்டார்.

தடயத்துக்கும் பஞ்சமில்லை. ஒரு எவர்சில்வர் தூக்கை எடுங்கள், வளையத்துக்குக் கீழே பேர் வெட்டியிருக்கும். யார் வீட்டுத் தூக்கு யார் வீட்டு உக்கிராணத்தில் இருக்கிறது என்பதே ஓர் அத்தியாயம். மொய் நோட்டு இருக்கிறது, சாமான் கொடுத்த பட்டியல் இருக்கிறது. கல்யாணத்துக்கு லாக்கரிலிருந்து வருகிற கழுத்துரு என்ற தாலி நகை, எத்தனை கை மாறி மணப்பெண் கழுத்துக்கு வருகிறது என்று ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டே இருந்தால், பாதிக் கதை முடிந்தது.

காதலுக்கும் ஒரு முடிச்சு தயாராக இருக்கிறது. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. ஆகவே ஒரு கல்யாண வீட்டில் பையன் பெண்ணைப் பார்த்தால் அழகா படிப்பா என்பதெல்லாம் பிறகு. பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆச்சியிடம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, “நீங்க எந்தக் கோயிலு?” என்று கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் அவன் முகம் போகிற போக்கை எழுத நல்ல பேனா வேண்டும்.

துப்பறிகிறவர் யாராக இருப்பார்?

ஆச்சிதான், சந்தேகம் என்ன. திண்ணையில் உட்கார்ந்து கொட்டான் என்ற ஓலைக் கூடை முடைகிறவர். கை ஓலையில், கண் தெருவில். யார் எத்தனை மணிக்கு எந்தப் பையோடு போனார் என்பது அவருக்குத் தெரியும். போலீஸ் வந்து சிசிடிவி இருக்கிறதா என்று தேடும், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

புதிரை நானே அவிழ்க்க வேண்டும். எப்படிப் படிப்பது?

பட்டியல் போட்டால் சுவை போய்விடும். இருந்தாலும் எங்கள் அனுபவத்தில் பலித்தது ஒன்று: சமையல் குறிப்பு மாதிரியோ வீட்டு வர்ணனை மாதிரியோ வருகிற பத்தியைத் தாண்டாதீர்கள். எழுத்தாளர் துப்பை ஒளிப்பது அங்கேதான். அலமாரியில் இருந்த ஆறு சாமானை வரிசையாகச் சொன்னால், மூன்றாவதோ நாலாவதோதான் விஷயம். முதலும் கடைசியும் நம் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரியும். அதே போல, எல்லாருக்கும் உதவி செய்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கிற ஆளைக் கவனியுங்கள். இதைச் சொன்னதிலிருந்து எங்கள் கூட்டத்தில் காப்பி கொண்டுவருகிற பெண், “என்னைய ஏன் அப்பிடிப் பாக்கிறீக?” என்கிறாள்.

விஷம், கொலை என்று படித்து மனசு கெட்டுப்போகாதா?

அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தார். விஷங்களைப் பற்றிய அறிவு அங்கே வந்தது. 1961-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் தாலியம் என்ற விஷத்தைக் கொண்டு கொலை நடக்கும், முடி கொட்டுவது அடையாளம். 1977-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்கு, என்ன நோய் என்றே புரியாமல், கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர், குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்து, இது தாலியமாக இருக்குமோ என்றார். சோதித்தார்கள், அதுவேதான். குழந்தை பிழைத்தது.

இதை நான் சொன்னபோது தாலியம் என்றதும் ஒரு ஆச்சி, “அதத் தாலியில சேப்பாகளா?” என்று பதறிப்போனார். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

காதல் கதையில் “லேசான” என்று ஏன் அழுத்திச் சொல்கிறீர்கள்?

இப்போது கைப்பேசியில் வருகிற தொடர்களில் ஒரு வகை ஓடுகிறது. நாயகன் பணக்காரன், முரடன். கட்டாயப்படுத்தித் தாலி கட்டுவான், கன்னத்தில் அறைவான், கடைசியில் எல்லாம் காதலால்தான் என்பான். கருத்துப்பெட்டியில் இதயமாகக் கொட்டும். படிக்கிறவர்கள் படிக்கட்டும், நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் முகப்பில் அது வராது. ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் பயப்படுகிற கதை லேசான கதை இல்லை. நான் இருபது பக்கம் வரை பொறுப்பேன், பக்கத்து வீட்டு அண்ணமிண்டி, அதாவது அண்ணி, கன்னத்தில் முதல் அறை விழுந்ததுமே மூடிவிடுவார். “இவனுக்கு இவ எதுக்கு? இவன் ஆத்தாட்ட அனுப்பி வை” என்பது அவர் விமர்சனம்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

கிளை நூலகத்தில் நாவல் வரிசைக்குக் கீழ்த்தட்டில் பாருங்கள், அட்டை கிழிந்து டேப் ஒட்டியதுதான் நல்ல புத்தகம், நாலு பேர் படித்திருக்கிறார்கள். பழைய புத்தகக் கடைக்காரர்கள் மாத நாவலைக் கட்டாகத் தருவார்கள். கிண்டிலிலும் பிரதிலிபி செயலியிலும் தமிழில் ஏராளம். வாட்ஸ்அப்பில் வருகிற திருட்டு பிடிஎஃப் மட்டும் வேண்டாம். எழுதினவளும் நம்மைப் போல அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு எழுதினவள்தான்.

வீட்டில் பழைய பைண்டிங் தொடர்கதைகள் இருக்கின்றன. தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். நாம் எடைக்குப் போடுவதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. லட்சத்துக்கு மேல் இருந்த அந்தக் குவியலில் நாவல்களும் வார இதழ்களும் உண்டு. இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து இடையில் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் நிழலில் உலர்த்துங்கள்.

என் அப்பத்தாவிடம் அப்படி ஒரு பைண்டிங் இருந்தது. வார இதழிலிருந்து கிழித்து, வரிசைப்படுத்தி, மேலூரணிப் பக்கம் பைண்டு செய்கிறவரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டது. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி சினிமா விமர்சனம், பாதி ஊறுகாய் குறிப்பு. ஒரு மிராசுதார் கொலை, ஒரு வக்கீல், ஒரு டீச்சர். கடைசி வாரம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு ஆச்சி அந்த இதழை இரவல் வாங்கிப் போய்த் தரவே இல்லையாம். கேட்டால், “அன்னைக்கே குடுத்தேனே” என்றாராம். இந்தப் பகை முப்பது வருஷம் இருந்தது. நல்லது கெட்டதுக்குப் போவார்கள், வருவார்கள், அந்தப் பேச்சு மட்டும் எடுக்கமாட்டார்கள்.

எதிர்வீட்டில் பேத்தி கல்யாணத்துக்கு அறைகளைத் திறந்து ஒழுங்கு பண்ணினபோது, பெட்டகத்தின் அடித்தட்டில் விரித்திருந்த தாள்களில் அது இருந்தது. மங்குச் சாமானுக்கு அடியில், சட்டி வட்டம் வட்டமாகப் பதிந்து. அந்த வீட்டு மருமகள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு தாள்தான், கடைசித் தாள் இல்லை. நான் சத்தமாகப் படித்தேன். கொன்றது கணக்குப்பிள்ளை. அப்பத்தா கட்டிலில் தட்டி, “நாந்தான் சொன்னேன்ல” என்றார். அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முப்பது வருஷமும் அவர் சந்தேகப்பட்டது வக்கீலை.

“வக்கீலும் டீச்சரும் என்ன ஆனாக, அந்தத் தாளு இல்லையே அப்பத்தா” என்றேன்.

“அதையும் படிக்கணுமாக்கும்? கட்டிக்கிட்டிருப்பாக” என்றார். அந்தத் தாளைத் தேடவே விடவில்லை.

கூட்டத்துக்கு வர என்ன கொண்டுவர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். தேன்குழலோ சீப்புச் சீடையோ கொண்டுவந்தால் மறுக்கமாட்டோம், ஆனால் கடித்தால் சத்தம் வருகிற பலகாரத்தைக் கடைசி அத்தியாயம் முடிந்த பிறகுதான் திறப்போம்.

புத்தகம் இரவல் தருவீர்களா?

தருவோம். நோட்டில் பேர், தேதி, பக்க எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தரும்போது கடைசித் தாள் இருக்கிறதா என்று நான் உங்கள் எதிரிலேயே பார்ப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.